சித்தன்னவாசல்: மன்னனும் ஆசிரியனும்

திருக்கோகர்ணத்திலுள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910இல் தொடங்கப்பெற்றது. தமிழிலக்கிய மாணவர்களுடன் அதனைக் கண்டபின் சித்தன்னவாசல் சென்றோம். அருங்காட்சியகத்துச் சிற்பங்களும் செப்புத்திருமேனிகளும் தத்தம் இடம்விட்டு வந்து பாதுகாப்பாய் இருப்பவை. அறிவர் கோயில் ஓவியமோ பிறந்த பாறையிலேயே இருக்கிறது. அதனாலேயே பெரிதும் அழிந்துமிருக்கிறது.

அர்த்தமண்டப விதானத்தை அண்ணாந்து பார்த்த மாணவர் முகங்களில் ஏமாற்றம். நூல்களில் அச்சான தாமரைக் குளத்தின் பொலிவு அங்கில்லை. புகையும் மழைக்காற்றும் மனிதர் கைகளும் தின்றது போக எஞ்சியதே உள்ளது. கண் பழகச் சற்று நேரமாயிற்று. பிறகு ஒவ்வொன்றாய்த் தெரிந்தன: இலைகளுக்கிடையே மீன்கள், பறவைகள், யானை, எருமை, கையில் பூக்கூடையுடன் தாமரை கொய்யும் ஒருவர். சமணர் கூறும் சமவசரணத்தில் பவ்வியர் மலர் பறிக்கும் குளம் இது என்பர்.

“மகேந்திரவர்மன் வரைவித்ததுதானே, ஐயா?” என்றாள் ஒரு மாணவி. கேட்டதில் வியப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்களே அப்படித்தான் கருதினர். சித்திரகாரப்புலி என்ற விருதுப்பெயர் வேறு அவனுக்கு இருந்தது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்கு வேறொருவரை நினைக்கவும் மனம் வராது. தூணில் தீட்டிய முடியணிந்த உருவத்தையும் மகேந்திரன் என்றே கொண்டனர்.

ஆனால் குடைவரையின் முகப்பை ஒட்டிய பாறையில் தமிழ்ச் செய்யுளாகவே ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்த செய்தியை அது கூறுகிறது. விதான ஓவியங்களும் அத்திருப்பணியைச் சார்ந்தவை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. அதன்பின் தூணிலிருந்த மகேந்திரனும் ஸ்ரீவல்லபன் ஆகிவிட்டான்! மன்னனுக்கு மாற்றாய் இன்னொரு மன்னனைத் தேடுவதில் நமக்குள்ள ஆர்வம் பெரிது. கல்வெட்டு திருப்பணி செய்தவனாகச் சொல்வது ஓர் ஆசிரியனை. தீட்டிய கைகள் யாருடையவை என்பதோ நமக்குத் தெரியாது.

மாணவர்கள் அவன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தனர். பின் அவன் எடுத்த முகமண்டபம் எது என்று தேடினர். அது இன்றில்லை. இப்போது நிற்பது, குடுமியான்மலைத் தூண்களைக் கொணர்ந்து சமஸ்தான காலத்தில் எழுப்பியது.