பெர்மிட், லைசென்ஸ், கோட்டா

ஆட்சிகள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டங்கள் ஆட்சியோடு மறைந்துவிடுகின்றன. எதிர்ப்போர் சூட்டும் பெயர்களோ வரலாற்றில் நின்றுவிடுகின்றன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் யுலிஸிஸ் கிராண்டுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. உறவினருக்கும் அன்பளிப்பு அளித்தோருக்கும் பதவிகளை வழங்கினார் என்று குற்றஞ்சாட்டி, அந்நிர்வாகத்தைக் ‘கிராண்டிசம்’ என்னும் ஒற்றைச் சொல்லால் 1872 மே 31ஆம் நாள் செனட் சபையில் சாடினார் சார்லஸ் சம்னர். அவரும் கிராண்டின் கட்சியினரே. அவ்வாண்டுத் தேர்தலில் கிராண்டே மீண்டும் வென்றார். ஆயினும் 1875இல் சாராய வரி மோசடி அம்பலமானபோது அச்சொல்லுக்கு வலிமை கூடிற்று.

நம் நாட்டில் அத்தகைய பெயரைச் சூட்டியவர் மூதறிஞர் இராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த அவர், காங்கிரஸ் ஆட்சியைப் ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்றழைத்தார். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருந்தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டியிருந்தது. அயல்நாட்டுச் சரக்கை வரவழைக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. சரக்கைவிட அதனைப் பெற்றுத்தரும் காகிதமே விலை மிக்கதாயிற்று. அரசும் வணிகரும் தகாத முறையில் நெருங்கினால் விளைவதென்ன என்பதை 1957இல் வெடித்த முந்த்ரா விவகாரம் காட்டியது. நீதிபதி எம். சி. சாக்ளா அதனைப் பகிரங்கமாக விசாரித்தார். 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

தறியோசையும் கோயில் மணியோசையும் கலந்தொலிக்கும் காஞ்சிபுரத்திற்குக் ‘கோட்டா’ புதிய சொல்லன்று. உலகப் போரின்போது, 1943இல், நூலுக்குக் கட்டுப்பாடு வந்த நாள் முதலாகவே கைத்தறி ஊர்கள் அதனை அறியும். நூல் வாராவிடில் தறிக்குழி வெறும் குழியே.

அக்காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1957இல் அங்கே வென்று 1962இல் தோற்றார். 1967இல், தாம் முன்னர்க் கடுமையாக எதிர்த்த இராஜாஜியுடனும், நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக்குடனும் கைகோத்து ஆட்சியைப் பிடித்தார். அரிசித் தட்டுப்பாடும் இந்தித் திணிப்பும் மக்கள் மனத்தை மாற்றியிருந்தன. பெர்மிட் ராஜ்யத்தின் மீதான கசப்பும் அவற்றோடு சேர்ந்தது.

பெயர் சூட்டியதோடு பிணி தீர்ந்ததா? இல்லை. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சியின் மீது கூறப்பட்ட ஊழல் புகார்களை விசாரிக்க 1976இல் சர்க்காரியா கமிஷன் அமைந்தது. 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையே நீங்கியது; கையூட்டு நீங்கவில்லை.

கட்டுப்பாடு அனைத்தும் தீது என்றும் கூறுவதற்கில்லை. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று வாதாடியவரும் அதே இராஜாஜிதான். பின்னர் 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. ஏழை நெசவாளியைக் காக்கும் விதி வேறு. வேண்டியவருக்கு மட்டும் கதவைத் திறக்கும் விதி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் நம்மிடம் உண்டு. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், ஒரு பங்கைப் பொதுநிதிக்கு எனவும், மற்றொரு பங்கைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு எனவும் பிரித்துக் காட்டினார். தம் பெற்றோரின் இல்லத்தில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பதவிக்காக வருவது அன்பளிப்பன்று என்பதே அவ்வினாவின் கருத்து. சம்னரின் சாடலும் இராஜாஜியின் ஏளனமும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதனையே எதிரொலித்தன.

ஆனால், அளவுகோல் ஆள்வோருக்கு மட்டும் உரியதன்று. லஞ்சம் வாங்குவோரைப் போலவே கொடுப்போரையும் நம் மார்க்கம் கண்டிக்கிறது. பெர்மிட் ராஜ்யத்தில் வாங்கிய கைகள் அலுவலகங்களில் இருந்தன. கொடுத்த கைகள் கடைவீதிகளில் இருந்தன. வணிகத்தால் வாழும் சமுதாயத்தவராகிய நாம், ஆட்சிகளுக்குப் பெயர் சூட்டுமுன் நம் கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்தல் நலம்.