நிலா ஊர்திகளை ஓட்டியவர்கள்

1970 நவம்பர் 17 அன்று சோவியத் ஒன்றியத்தின் லூனா 17 விண்கலம் நிலாவின் மழைக்கடல் பகுதியில் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த லூனாகோட் 1 என்னும் எட்டுச் சக்கர ஊர்தியே, வேறோர் உலகின் தரையில் பூமியிலிருந்து ஓட்டப்பட்ட முதல் ஊர்தி. அதை ஓட்டியவர்கள் கிரிமியாவில், சிம்பெரோப்பல் நகருக்கு அருகிலிருந்த நிலையத்தில் இருந்தனர். ஒரு குழுவில் ஐவர்: தளபதி, ஓட்டுநர், வழிகாட்டி, பொறியாளர், ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைப்பவர். இரு குழுக்கள் முறைவைத்து மாறின.

ரேடியோ அலை நிலாவுக்குச் சென்று திரும்ப ஏறக்குறைய 2.6 நொடி ஆகும். அது மட்டுமென்றால் சமாளித்திருக்கலாம். ஆனால் ஓட்டுநரின் திரையில் தொடர்ச்சியான காட்சி ஓடவில்லை. பல நொடிகளுக்கு ஒருமுறை மாறும் அசையாப் படங்களே வந்தன. திரையில் ஒரு பள்ளம் தெரியும்போது ஊர்தி அதன் விளிம்பை நெருங்கியிருக்கக்கூடும். கேமராக்கள் தாழ்வாக இருந்ததால் தொலைவைக் கணிப்பது கடினம். சூரியன் உச்சிக்கு வந்தால் நிழல் இராது. நிழல் இல்லாவிடில் மேடு பள்ளம் புலப்படாது.

இத்தகைய தாமதத்துக்கு மனிதர் எவ்வாறு ஈடுகொடுக்கின்றனர் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் ஷெரிடனும் வில்லியம் ஃபெரலும் 1960களின் முற்பகுதியிலேயே சோதித்திருந்தனர். சிறிது நகர்த்துவது, நிறுத்தி விளைவைப் பார்ப்பது, மீண்டும் நகர்த்துவது என்ற முறைக்கே இயக்குவோர் வந்து சேர்ந்தனர். வேலை பிசகவில்லை, நேரந்தான் கூடியது.

லூனாகோட் 1 சுமார் பத்து மாதங்களில் 10.5 கி.மீ. ஓடியது. 1973 ஜனவரியில் இறங்கிய லூனாகோட் 2இல் ஒரு கேமரா உயரத்தில் பொருத்தப்பட்டது. படங்களும் விரைவாக வந்தன. நான்கு மாதத்துக்குள் அது 39 கி.மீ. கடந்தது. சக்கரங்களும் அடிச்சட்டமும் பெரிதும் பழையவையே. ஓட்டுநரின் பார்வையும் பட்டறிவுமே மேம்பட்டிருந்தன எனலாம்.

அந்த ஊர்தியின் முடிவும் ஓட்டத்திலேயே நேர்ந்தது. மே மாதத்தில் அது ஒரு பள்ளத்துள் இறங்கியபோது, சூரியத் தகடு பதித்த அதன் மேல்மூடி திறந்திருந்தது. மூடி பள்ளத்தின் சுவரில் உரசி மண் ஒட்டியது; பின்னர் மூடியபோது அம்மண் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பின்மேல் கொட்டியது என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். உள்வெப்பம் ஏறி ஊர்தி செயலிழந்தது.

செவ்வாயை எட்டவே ரேடியோ அலைக்குச் சில நிமிடங்கள் முதல் இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆவதால், அங்கு இப்படி நேரடியாக ஓட்ட இயலாது. கட்டளைகளைத் தொகுத்தே அனுப்ப வேண்டும். அங்கே சிக்கல் வேறு. செவ்வாயின் பகலிரவு 24 மணி 39 நிமிடம். 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் குழுவினர் முதல் மாதங்களில் அக்கணக்குப்படியே வேலை செய்தனர். பணிநேரம் நாள்தோறும் சுமார் 40 நிமிடம் தள்ளிப்போக, தூக்கமின்மையும் களைப்பும் அவர்களை வாட்டின. லூனாகோட் 2இன் தொலைவுச் சாதனையை ஆப்பர்ச்சூனிட்டி 2014இல் முறியடித்தது.