எத்தனால், மெத்தனால்: ஒரே ஒரு கார்பன் கூடக் குறைய இருந்தால் உயிரே போவது ஏன்? 10ஆம் வகுப்பு வேதியியல் சொல்லும் பதில்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022 ஜூலையில், மதுவிலக்கு அமலில் இருக்கும் குஜராத்தின் பொட்டாட் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர். இரண்டு செய்தியிலும் அடிபட்ட பெயர் ஒன்றுதான்: மெத்தனால்.

"சாராயத்துல இருக்கிறதும் ஆல்கஹால்தான், மெத்தனாலும் ஆல்கஹால்தான்னு புக்குல போட்டிருக்கே, அப்புறம் ஏன் ஒண்ணு போதை, இன்னொண்ணு விஷம்?" என்று ஒரு மாணவர் கேட்டால், அது ரொம்ப நியாயமான கேள்வி. பதில் 10ஆம் வகுப்பு அறிவியலில் வரும் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடத்திலேயே இருக்கிறது.

கார்பனுக்கு ஏன் நான்கு கைகள்?

கார்பனின் அணு எண் 6. உள்வட்டத்தில் 2 எலக்ட்ரான், வெளிவட்டத்தில் 4. வெளிவட்டத்தில் 8 இருந்தால்தான் அணு நிம்மதியாக இருக்கும். ஆக, கார்பன் சரியாகப் பாதி வழியில் நிற்கிறது. நான்கை வெளியிலிருந்து வாங்கினால், 6 புரோட்டான் மட்டுமே உள்ள உட்கரு 10 எலக்ட்ரான்களை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது கஷ்டம். இருக்கும் நான்கையும் கொடுத்துவிடலாம் என்றால், அதற்கு ஏகப்பட்ட ஆற்றல் தேவை.

கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்றால் என்ன வழி? பங்கு போட்டுக்கொள்வதுதான். பக்கத்து அணுவோடு எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சகப்பிணைப்பு. நான்கு எலக்ட்ரான், நான்கு பிணைப்பு. அந்த நான்கிலும் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்தால் அது மீத்தேன். சாண எரிவாயுவில் முக்கியமாக எரிவது இதுதான்.

நான்கு கை உள்ள தனிமம் கார்பன் மட்டுமல்ல, சிலிக்கனுக்கும் நான்குதான். ஆனால் கார்பன் அணு சிறியது. அதனால் இன்னொரு கார்பனோடு அது போடும் பிணைப்பு பலமானது, நீளமாகத் தொடரவும் செய்யும். இதைச் சங்கிலித் தொடராக்கம் என்கிறோம். சிலிக்கன் ஏழெட்டு அணு வரை சங்கிலி கட்டும், அதுவும் சீக்கிரம் சிதைந்துவிடும். கார்பனோ ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போகும். நேராக, கிளையாக, வளையமாக. கரிமச் சேர்மங்கள் கோடிக்கணக்கில் இருப்பதற்கு இதுதான் காரணம். வீட்டு சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் மூன்று, நான்கு கார்பன் சங்கிலிகள்தான்.

(இந்தச் சேர்மங்கள் எல்லாம் உயிருள்ளவற்றில் மட்டுமே உருவாகும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். 1828-ல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியா தயாரித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்று வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போவதும் அதே யூரியாதான்.)

மாம்பழமும் இரட்டைப் பிணைப்பும்

இரண்டு கார்பன்கள் ஒரு கையை மட்டும் கோத்தால் ஈத்தேன். இரண்டு கையைக் கோத்தால் ஈத்தீன், அதாவது எத்திலீன். மூன்று கையைக் கோத்தால் ஈத்தைன், வெல்டிங் கடையில் அசிட்டிலீன் என்பார்களே, அதுதான்.

கோடைக்காலச் செய்திகளில் இந்த இரண்டும் வரும். எத்திலீன், பழமே தன்னைப் பழுக்க வைத்துக்கொள்ளச் சுரக்கும் வாயு. அதை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கார்பைட் கல் ஈரத்தில் பட்டால் வருவது அசிட்டிலீன். கல்லோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் சேர்ந்து வரும் என்பதால் பழுக்க வைக்க அதற்குத் தடை.

ஒரு தொகுதி, ஒரு குணம்

இனி சாராய விஷயத்துக்கு வருவோம். கார்பன் சங்கிலியில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை வைத்தால் அது ஆல்கஹால். சேர்மத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் இப்படிப்பட்ட ஒட்டுக்கு வினைச் செயல் தொகுதி என்று பெயர். மீத்தேனில் ஒட்டினால் மெத்தனால், ஈத்தேனில் ஒட்டினால் எத்தனால். இரண்டும் ஒரே படிவரிசையில் அடுத்தடுத்த படிகள். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இரண்டுமே நிறமற்ற திரவம். வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று. எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலும் மெத்தனால் 65 டிகிரியிலும் கொதிக்கும். குடிப்பவருக்கு எது எதுவென்று தெரிய வழியே இல்லை.

உடம்புக்குள் போனபின் கதை மாறுகிறது. கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான் இரண்டையும் கையாளுகிறது. எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டிக் அமிலமாகவும் மாறும். அசிட்டிக் அமிலம் வினிகரில் இருப்பதுதான். உடம்பு அதை எரித்துவிடும். எத்தனால் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, கல்லீரலைக் கேட்டால் தெரியும்.

மெத்தனால் அதே பாதையில் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்புக் கடியில் எரிச்சல் தருகிற அதே அமிலம். மனித உடம்பால் இதைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே இது தடுக்கிறது. பார்வை நரம்புதான் முதலில் அடி வாங்கும். 10 மில்லி உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், விஷமாவது மெத்தனால் அல்ல, அது மாறி வரும் பொருள். மாறுவதற்கு நேரமாகும். 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. "சரக்கு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்று படுத்தவர், மறுநாள் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று எழுந்திருப்பார்.

சிகிச்சையும் அதே நொதியை வைத்துத்தான். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்தான் அதிகம் பிடிக்கும். எனவே மருத்துவமனையில் அளந்து எத்தனாலையோ, நொதியையே முடக்கும் ஃபோமெபிசோல் மருந்தையோ கொடுத்து, மெத்தனால் மாறாமல் தடுக்கிறார்கள்; டயாலிசிஸ் மூலம் ரத்தத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள். வீட்டில் இன்னும் கொஞ்சம் குடிக்கவைத்தால் சரியாகும் என்று யாராவது கிளம்பினால் அது ஆபத்து. கண் மங்குகிறது என்றால் 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

கொளுத்திப் பார்த்தால் தெரியாதா?

"தீக்குச்சி வெச்சா நீலமா எரியும், அப்ப நல்ல சரக்கு" என்றொரு நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. எத்தனாலும் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். பள்ளி ஆய்வகத்தில் அயோடோஃபார்ம் சோதனை செய்தால் எத்தனால் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. ஆனால் இரண்டும் கலந்திருந்தால், எத்தனால் இருப்பதாலேயே மஞ்சள் வந்துவிடும். கலப்படச் சாராயத்தில் மெத்தனால் எவ்வளவு என்று சொல்ல, தடய அறிவியல் கூடத்தில் இருக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவிதான் வேண்டும்.