பொது நாள்காட்டியும் மேல்சித்தாமூரும்

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமைத் திருமடம் விளங்கும் ஊராகும். பார்சுவநாதர் கோயிலும் சினகாஞ்சி மடமும் இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. வந்தவாசி, ஆரணி, செய்யாறு முதலிய வட்டாரங்களில் சிதறி வாழும் சமணக் குடும்பங்கள் தேர்த்திருவிழாவின்போது இங்கு ஒன்றுகூடுகின்றன. பல ஊரார் ஒரே நாளில் ஓரிடத்தில் கூட வேண்டுமாயின், அந்நாள் எது என்பதில் முன்னரே உடன்பாடு வேண்டும். ஓர் அமைப்பு முழுமைக்கும் உரிய பொது நாள்காட்டி என்பது அத்தகைய உடன்பாட்டின் எழுத்து வடிவமே. அவ்வுடன்பாடு எங்கே நிலைபெறுகிறது, எங்கே தளர்கிறது என்பதை வரலாற்று வழி நோக்குவது பயனுடையது.

ஒரு நாளும் மூன்று மாதங்களும்

தமிழ்ச் சமணர் இல்லங்களில் மூவகைக் காலக்கணக்குகள் ஒருங்கே வழங்குகின்றன. மாதம் கதிரவனின் இயக்கத்தை ஒட்டிச் சித்திரை, வைகாசி என அமைகிறது. நோன்பு அட்டமி, சதுர்த்தசி என்னும் திதிகளை ஒட்டி அமைகிறது. பள்ளியும் அலுவலகமும் ஆங்கிலத் தேதியைப் பின்பற்றுகின்றன. மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகச் சமணர் போற்றும் தீபாவளியையே சான்றாகக் கொள்ளலாம். பௌர்ணமியோடு மாதத்தை முடிக்கும் வடநாட்டார்க்கு அது கார்த்திகை மாதத்து நாள். அமாவாசையோடு முடிக்கும் கன்னடத்தார்க்கும் தெலுங்கர்க்கும் ஆசுவயுச மாதத்து நாள். தமிழர்க்குப் பெரும்பாலும் ஐப்பசி நாள். நாள் ஒன்றாயினும் மாதப் பெயர் மூன்றாயிற்று.

கதிரவனை ஒட்டிக் கணிப்போரிடையேயும் வேறுபாடு உண்டு. கதிரவன் மறைவதற்கு முன் புதிய இராசியில் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழர் மரபு. பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் நுழைந்தால்தான் அன்று மாதப் பிறப்பு என்பது கேரள மரபு.

ஆண்டின் தொடக்கம்

நாளைப் போலவே ஆண்டுக்கணக்கும் சிந்தனைக்கு உரியதாயிற்று. வீர நிர்வாண ஆண்டு கி.மு. 527இல் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. நிர்வாணத்திற்கு 605 ஆண்டுகளும் 5 மாதங்களும் கழித்துச் சக அரசன் தோன்றினான் என்னும் கணக்கை யதிவிருடபரின் திலோயபண்ணத்தி தருகிறது. அதனோடு மாறுபடும் பிற கணக்குகளையும் மறைக்காமல் அந்நூல் உடன் வைத்திருப்பது போற்றற்குரியது. அரிவம்ச புராணம் இயற்றிய சினசேனர், நூல் முடிவுற்ற காலத்தைச் சக ஆண்டு 705, அதாவது கி.பி. 783 எனக் குறித்தார். தம் சமயத்திற்கென ஓர் ஆண்டுக்கணக்கு இருந்தும், உலக வழக்கிலிருந்த சக ஆண்டைக் கையாளச் சமணச் சான்றோர் தயங்கவில்லை.

அரசு வகுத்த கணக்கு

விடுதலைக்குப் பின் இந்திய அரசும் இதே சிக்கலை எதிர்கொண்டது. 1952இல் மேக்நாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 30 வகை நாள்காட்டிகள் வழங்கின. குழுவின் அறிக்கை 1955இல் வெளிவந்தது. 1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாகக் கொள்ளப்பட்டுத் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. சாகா அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அரசிதழிலும் வானொலிச் செய்தியிலும் அது இடம்பெற்றது. திருமணத்திற்கு நாள் பார்ப்போர் கையில் பழைய பஞ்சாங்கமே நீடித்தது.

தமிழக வரலாறும் இதனையே உணர்த்துகிறது. திருவள்ளுவர் ஆண்டு 1971 முதல் அரசு நாட்குறிப்பிலும், 1972 முதல் அரசிதழிலும், 1981 முதல் அனைத்து அரசு அலுவலகங்களிலும் இடம்பெற்றது. கிறித்துவ ஆண்டோடு 31ஐக் கூட்டிக் கொள்வதில் இடர்ப்பாடு எழவில்லை. ஆனால் தை முதல் நாளே புத்தாண்டு என 2008இல் இயற்றப்பட்ட சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. ஏட்டில் எழுதும் ஆண்டை அரசு வகுக்கலாம். இல்லத்தில் கொண்டாடும் நாளை மாற்றுதல் அத்துணை எளிதன்று.

1974 தரும் பாடம்

மகாவீர நிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவு 1974இல் வந்தது. திகம்பரர், மூர்த்திபூசகர், தானகவாசியர், தேராபந்தியர் ஆகிய நான்கு பிரிவினரும் அவ்விழாவை இணைந்து கொண்டாடினர். பொதுச் சின்னம் ஒன்றையும் ஏற்றனர். சமண சுத்தம் என்னும் பொதுத் தொகுப்பு நூலும் உருவாயிற்று. எனினும் சுவேதாம்பரரின் எட்டு நாள் பர்யூசணம் முடிவுறும் வேளையிலேயே திகம்பரரின் பத்து நாள் தசலட்சண நோன்பு தொடங்கும் மரபு மாறவில்லை. அவற்றை ஒரே நாளில் நடத்துமாறு எவரும் எவரையும் வற்புறுத்தாமையே அவ்வொற்றுமை கைகூடியதற்குக் காரணம் எனலாம்.

அனைவரும் சேர்ந்து செயற்பட வேண்டிய நாள்கள் சிலவே. அவற்றை மட்டும் பொதுவில் வரையறுத்து, ஏனையவற்றை அவரவர் மரபிற்கு விட்டுவிடும் அமைப்பே நிலைபெறும். மேல்சித்தாமூரில் தேர் வடம் பிடிக்க வருவோர் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு தொழிலினர். அவர்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டிகளும் ஒன்றல்ல. தேர் ஓடும் நாள் மட்டும் அனைவர்க்கும் ஒன்றே. அவ்வொரு நாளை ஊர்தோறும் நினைவில் கொண்டிருப்பதால்தான் சிதறி வாழும் குடும்பங்கள் ஒரு சமூகமாக நிலைத்திருக்கின்றன.