பெட்டிக்கு எத்தனை அடி?

வீடு மாற்றும்போது வண்டியில் சாமான் அடுக்கித் தவித்தவர்களுக்கு, ஃபாஸ்டர் வெல்டனின் கவலை உடனே விளங்கிவிடும். 1956-ல் மாட்சன் கப்பல் கம்பெனி இந்த விஞ்ஞானியை ஆராய்ச்சிக்கு அமர்த்தியது. கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு மளிகையும் தட்டுமுட்டும் போகும். திரும்புகையில் டப்பாவில் அடைத்த அன்னாசி வரும். எல்லாவற்றையும் பெரிய பெட்டிகளில் அடைத்தே அனுப்பினால்?

பெட்டி பெரிதானால் உள்ளே வெற்றிடம் சவாரி போகும். சிறிதானால் பாரந்தூக்கிக்கு ஓய்வே இராது. பழைய சரக்குக் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டி அலசினார்கள். கப்பல் நகருமுன் காகிதத்திலேயே வியாபாரம் நடந்தது என்று சொல்லலாம்! இருபதிலிருந்து இருபத்தைந்து அடிக்குள் இருப்பதே உசிதம் என்று விடை வந்தது. கம்பெனி 24 அடியைத் தேர்ந்தது. 1958 ஆகஸ்டு 31-ல் 'ஹவாயன் மெர்ச்சண்ட்' தன் மேல்தளத்தில் இருபது பெட்டிகளுடன் புறப்பட்டது.

அன்றுவரை மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து, கப்பலின் வயிற்றில் இடுக்குப் பார்த்து அடுக்கியவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். அதுவும் ஒரு கலைதான். என்னைக் கேட்டால், கணக்கைவிடக் கடினமான கலை. விஞ்ஞானியின் கணக்கிலோ அவர்கள் வெறும் செலவு. 1960-ல் அவர்களுடைய தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் யந்திரங்களுக்கு வழிவிடச் சம்மதித்தார், இலவசமாக அல்ல. ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை முதலாளிகள் தொழிலாளர் நிதியில் கட்டவேண்டியதாயிற்று.