அவிழ்த்துக் கட்டும் கலம்: கூனிமேட்டுக் கரையும் கட்டுமரமும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டத்தில், புதுச்சேரியை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கூனிமேடு, உப்பளங்களால் அறியப்பட்ட ஒரு கரையின் பகுதி. வளைகுடாவோ பாறை முனையோ இன்றி நேராக நீளும் தாழ்ந்த மணற்கரையும், அதன் பின்னே கழுவெளி போன்ற ஆழமற்ற உவர்நீர்ப் பரப்புகளும் உப்பு விளைவிப்போருக்கு வாய்ப்பாக அமைந்தன என்றால், அதே நில அமைப்பு கலம் செலுத்துவோருக்கு ஒதுங்க ஓர் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. சோழமண்டலக் கரை முழுவதற்கும் பொதுவான இக்குறையை ஐரோப்பிய வணிகக் குழுக்களாலும் நெடுங்காலம் தீர்க்க இயலவில்லை. 1639இல் சென்னையிலும் 1674இல் புதுச்சேரியிலும் காலூன்றிய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் கப்பல்களைக் கரைக்கு எட்டவே நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, இடைப்பட்ட நீரைக் கடக்க இக்கரையின் மீனவரையும் அவர்களுடைய கலங்களையுமே நம்பியிருந்தனர்.

அந்த நீர் தொலைவில் சிறிதாயினும் தன்மையில் ஒன்றன்று. கரையை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து நுரைக்கும் அலை வரிசைகள் உள்ளன. அவற்றைத் தாண்டினால் அலை உடையாமல் மெல்ல ஏறி இறங்கும் நீர். அதற்கும் அப்பால் காற்றும் நீரோட்டமும் ஆட்சி செய்யும் ஆழ்கடல். இவற்றோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடை கரையலையை முரடாக்கும்; தெற்கிலிருந்து வரும் சோழகம் கடலின் முகத்தை வேறாக மாற்றும்; நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் கரையோரத்தை அமைதிப்படுத்தி, கலத்தை மட்டும் வெளியே தள்ளும். ஆகவே விடியலில் புறப்பட்டு நண்பகலில் திரும்பும் ஒரு மீனவர், ஒரே நாளில் மூன்று வகைக் கடல்களை இருமுறை கடக்க வேண்டியிருந்தது. இவற்றில் ஒன்றுக்கு ஏற்ற வடிவம் மற்றொன்றுக்குப் பகை என்பதே இங்குள்ள சிக்கல். ஆழ்கடலில் கலத்தை நேர்கோட்டில் நிறுத்தும் ஏரா, அதாவது அடிப்புறத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை, கரையேறும்போது மணலில் தட்டிக் கலத்தைப் புரட்டிவிடும். அலையைத் தடுக்க உயர்த்திய பக்கச் சுவர்கள், அலை உள்ளே விழுந்துவிட்டால் நீரை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும்.

இதற்கு இக்கரை கண்ட விடை, நீரைத் தடுக்க முயலாமல் அதைக் கடந்துபோகவிடும் ஒரு கலம். கட்டப்பட்ட மரம் என்ற பொருளில் கட்டுமரம் எனப் பெயர்பெற்ற இதில் ஆணியும் இல்லை, உட்குழிவும் இல்லை. செதுக்கிய கட்டைகளைப் பக்கம்பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிவிட்டால் கலம் ஆயத்தமாகிவிடும். மேலே விழும் அலை கட்டைகளின் இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதால் இறைப்பதற்கு நீர் தேங்குவதில்லை, கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை, நீந்தத் தெரிந்தவர் அதைப் பிடித்து நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். ஏறியிருப்பவர் எந்நேரமும் நனைந்தே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாதுகாப்புக்கு அவர் செலுத்தும் விலை.

எளிய தோற்றம் காரணமாகக் கட்டுமரத்தை ஒரு தெப்பமாகக் கருதியோர் பலர். ஆனால் தெப்பத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கட்டைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் செதுக்குவதிலும் அடங்கியுள்ளது. மரம் இலகுவாக இருக்க வேண்டும். நேராக வளர்ந்திருக்க வேண்டும். உப்புநீரில் ஊறினாலும் விரைவில் உலர வேண்டும். மலைவேம்பும் வாகை இனத்தைச் சேர்ந்த சில இலகு மரங்களும் இதற்குப் பயன்பட்டன. இவை கடற்கரையில் விளைவன அல்ல என்பதால், கரையில் மிதக்கும் ஒவ்வொரு கட்டுமரத்துக்கும் பின்னே மேற்கு மலைக்காடுகள் வரை நீளும் ஒரு மரவணிகம் இருந்தது. நடுக்கட்டையைச் சற்றே தாழ்த்தியும் பக்கக் கட்டைகளை உயர்த்தியும் வைப்பதால் மேற்புறம் ஆழமற்ற தொட்டிபோல் குழிகிறது. கடலோர வழக்கில் அணியம் எனப்படும் முன்முனை மேல்நோக்கி வளைத்துச் செதுக்கப்படுகிறது. எதிரே எழும் அலையைக் குத்தி உள்ளே நுழையாமல், அதன் மேல் ஏறிச் செல்வதற்காகவே இவ்வளைவு. பாய் விரித்து ஓடும்போது காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க, கட்டைகளுக்கு இடையே ஒரு பலகையை நீரில் இறக்கிக்கொள்வர். ஏரா செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் இப்பலகை, கரை நெருங்கியதும் மேலே இழுக்கப்பட்டுவிடும்.

எத்தனை கட்டைகள் என்ற கேள்விக்கு ஒரே விடை இருந்ததில்லை. கரையோர வலைக்கு ஓரிருவர் செல்லும் சின்ன மரத்துக்கு மூன்று அல்லது நான்கு கட்டைகள் போதும். கனத்த வலையும் கூடுதல் ஆட்களும் ஏறும் பெரிய மரத்துக்கு அதற்கு மேலும் தேவைப்படும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுமரங்களை ஒரே இனமாகக் கொள்ளாமல் கரைக்குக் கரை வகைப்படுத்திக் காட்டினார். இவ்வகைகளுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது கோலா மரம். பறக்கும் மீனாகிய கோலா, கோடைக்குப் பின் முட்டையிடும் பருவத்தில் கரைக்கு வெகு தொலைவில் கூட்டமாக வரும். மிதக்கும் பொருள்களில் முட்டையைப் பதிக்கும் அதன் இயல்பை அறிந்து, தழைக் கட்டுகளை நீரில் மிதக்கவிட்டு, அவற்றைத் தேடி வரும் மீன்களை அள்ளுவர். கரையலையை மட்டும் எண்ணிச் செய்த கலம் அத்தொலைவுக்கு உதவாது என்பதால், ஏழு கட்டைகள் வரை சேர்த்த நீண்ட, கனத்த மரம் அப்பருவத்துக்கென்றே கட்டப்பட்டது.

வேலை முடிந்து கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தோளில் சுமந்து மணல்மேட்டில் உலர வைப்பது வழக்கம். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் அலையில் ஏறாது என்ற தேவையிலிருந்து பிறந்த இவ்வழக்கத்தின் விளைவு அத்தேவையைவிடப் பெரிது. ஒருமுறை செய்து முடித்துவிட்ட பொருளாகக் கலம் உறைந்துவிடாமல், ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் புதிதாகக் கட்டப்பட்டது; உளுத்த கட்டை ஒன்றை மட்டும் மாற்றலாம், கட்டை சேர்க்கலாம், குறைக்கலாம், கயிற்றை இறுக்கலாம், தளர்த்தலாம். கட்டுமரத்தின் பல்திறனை ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தில் தேடினர். அது கயிற்றில்தான் மிகுதியாக இருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

இக்கரையின் கலங்களைப் பற்றிய மிகப் பழைய அயல்நாட்டுச் சான்றுகளுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த, செங்கடல் வழிச் செலவை விவரிக்கும் கிரேக்கக் கையேடாகிய பெரிப்ளூஸ். கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்று துறைகளை வரிசையாகக் கூறும் இந்நூலின் பொதுகே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு எனவும், சோபத்மா மரக்காணம் எனவும் ஆய்வாளர் பலர் கருதுவதால், கூனிமேட்டுக் கரை இவ்விரு துறைகளுக்கும் நடுவே அமைகிறது. தனி மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் பெருங்கலங்கள் இங்கே இயங்கியதாகவும் அந்நூல் கூறுகிறது. சங்கரா என்பது கட்டுமரமா அல்லது இரு ஓடங்களை இணைத்த சங்காடமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மலையாளத்தின் சங்ஙாடம் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் ஜங்காடா என்று திரித்துப் பிரேசிலுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள மீனவர் தெப்பத்துக்குப் பெயராக்கிவிட்டனர் என்பதைக் காணும்போது, இச்சொற்களின் பயணம் கலங்களின் பயணத்தைவிட நீண்டது எனத் தோன்றும்.

கட்டுமரம் என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் ஒரே ஆள் கால்களை நீரில் நனைத்தபடி செலுத்தும் சிறு மரங்களைக் குறிப்பிட்டார். 1804இல் பிரெஞ்சுத் துறைமுகமாகிய பூலோனின்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்து மிதவைகளுக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. 1876இல் நியூயார்க்கில் நதானியேல் ஹெர்ஷாஃப் என்பவரின் இரட்டையுடல் பாய்க்கப்பல் படகுப் போட்டியில் வென்றபின், உலகம் முழுவதும் காட்டமரான் என்றால் இரண்டு உடல்களைக் கொண்ட விரைவுக் கலம் என்றாயிற்று. கயிற்றால் கட்டுவது என்ற சொல்லின் உயிர்ப்பொருள் அதில் அறவே இல்லை. இதற்கு மாறாக, 1840களின் தொடக்கத்தில் வெளிவந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எத்மோன் பாரியின் நூல், இக்கரையின் கட்டுமரத்தையும் செலிங்கு எனப்பட்ட தைத்த படகையும் அளந்து வரைந்து, அவற்றைக் கைத்திறன் மிக்க கட்டுமானங்களாகவே பதிவுசெய்தது.

செலிங்கு அல்லது மசூலா எனப்பட்ட அந்தத் தைத்த படகு, கட்டுமரத்தின் குறையை நிரப்பவே இருந்தது. கட்டுமரம் ஆளையும் வலையையும் சுமக்கும், மூட்டையையும் பயணியையும் உலர்வாகச் சுமக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, உள்ளே விலாச்சட்டங்கள் இன்றி விடப்பட்ட மசூலா, மணலில் மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுத்தது. சென்னையில் மசூலாக்களுடன் கட்டுமரங்களும் துணைக்குச் சென்று கவிழ்ந்தோரைக் காத்தன. கப்பலுக்குச் செல்லும் கடிதங்களைக் கட்டுமரக்காரர் கூம்பிய தொப்பிக்குள் நனையாமல் வைத்துச் சென்றதை அக்காலப் பயணிகள் வியந்து எழுதினர். கரையலைக்கு அப்பால் சரக்கை ஏற்றி இறக்கப் புதுச்சேரியில் 1866இல் எழுந்த இரும்புப் பாலத்துறையும் 1952ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது. கரையலையைச் சந்திக்காமலே சரக்கை நகர்த்த வேண்டும் என்ற எண்ணத்தின் பெரிய வடிவம், கரைக்கு இணையாக வடக்கிலிருந்து வெட்டப்பட்டு மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய்; 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அதன் பணி, 1877-78 பஞ்சக் காலத்தில் நகருக்குள் இணைக்கப்பட்ட பகுதியோடு முழுமை பெற்றது. இந்த உப்புக்கரையின் எல்லையில் அக்கால்வாய் நின்றுவிட, அதற்குத் தெற்கே அலை பழையபடியே கலங்களைச் சோதித்தது.

ஒரே கருவியால் பலவகைப் பரப்புகளைக் கடப்பது என்ற இச்சிக்கல் கடலுக்கு மட்டும் உரியதன்று. பனிமலைகளில் காலில் பூட்டிச் சறுக்கும் நீண்ட பலகைகளாகிய ஸ்கீ, இதே கேள்வியை உறைந்த நீரில் எழுப்புகிறது. 1927இல் ஆங்கில அதிகாரிகள் குல்மார்க்கில் இந்திய ஸ்கீ கழகத்தைத் தொடங்கியபோது பலகைகள் மரத்தால் ஆனவை. அவற்றின் விளிம்பில் எஃகுப் பட்டை பதிக்கும் முறை அப்போதுதான் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. இறுகிய பனியில் விளிம்பு கடித்துப் பிடிக்க இடை குறுகிய பலகை வேண்டும். புதிதாக விழுந்த பொடிப்பனியில் அமிழாமல் மிதக்க அகன்ற பலகை வேண்டும். ஆகவே இறுகிய தடத்துக்கு இடையகலம் ஏறத்தாழ 65 முதல் 75 மில்லிமீட்டர், பொடிப்பனிக்கு 110க்கும் மேல், இரண்டும் கலந்த மலைக்கு 85 முதல் 100 வரை என ஒரு சமரசம் உருவாயிற்று. 2002இல் ஷேன் மெக்கான்கி என்ற சறுக்கு வீரர், நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து, பொடிப்பனியும் ஒருவகை நீரே என்று எண்ணி, முனைகள் மேல்நோக்கி வளைந்த அகன்ற பலகையை உருவாக்கச் செய்தார். எழும் பரப்பைக் குத்தாமல் அதன்மேல் ஏறும் அவ்வளைவு, இக்கரையின் தச்சர் அணியத்தில் செதுக்கி வந்த அதே வளைவு. வேறுபாடு ஒன்றுதான்: ஸ்கீ செய்பவர் தம் சமரசத்தைப் பலகைக்குள் ஒட்டி மூடிவிடுகிறார், கலந்த பனிக்கென வாங்கியவர், மலை மாறினால் வேறொன்றை வாங்க வேண்டும். கட்டுமரக்காரருக்குக் கயிற்றை அவிழ்த்தால் போதும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலத்தின் மீது வந்த அழுத்தம் அலையிலிருந்து வரவில்லை. காட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தது. இலகு மரத்தின் விலை ஏறியது. வெளிப்பொருத்தி எந்திரத்தின் அதிர்வைக் கயிற்றுக்கட்டு நெடுநாள் தாங்கவில்லை. சென்னையை மையமாகக் கொண்டு 1979 முதல் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. மாற்றத்தை முடித்துவைத்தது 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை. அதன்பின் தொண்டு அமைப்புகள் இக்கரை நெடுகிலும் வழங்கிய கண்ணாடியிழைப் படகுகள், அதாவது மீனவர் வழக்கில் ஃபைபர், சில இடங்களில் இழந்த கலங்களின் எண்ணிக்கையையே விஞ்சின. இழந்த மரத்துக்கு ஈடாக மரம் கேட்டோருக்கும் ஃபைபரே கிடைத்தது என்பது, உதவியின் வரலாற்றில் அடிக்கடி காணும் செய்திதான்.

ஃபைபர் வலுவானது, விரைவானது. ஆனால் உள்ளீடற்ற ஒற்றை உடலாகிய அதைக் கட்டை கட்டையாகப் பிரித்துச் சுமக்க முடியாது, அகன்ற மணல் வேண்டும், இழுக்கப் பல கைகளோ டிராக்டரோ வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் எழுந்தபின், ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களின் கரை அரிக்கப்பட்டதால், அந்த மணலே குறைந்துவருகிறது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் கலம் ஏறும் இடத்தை மேலும் சுருக்கியுள்ளன. இந்நிலையில் பாக் நீரிணைக் கரைகளிலும் சென்னைக் குப்பங்கள் சிலவற்றிலும், மரம் வாங்க இயலாதவர்கள் தெர்மாகோல் பாளங்களை அடுக்கி, சாக்கும் வலையும் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, துடுப்போடு அதன்மேல் அமர்ந்து கரையலையைக் கடந்து செல்கின்றனர்.