இரண்டு ரமணிகளும் ஒரு பெயரும்

மேலூர் வட்டாரத்தில் சென்ற தலைமுறைப் பெண்கள் பலர் கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. 'அவுக', 'எங்க வீட்டுக்காரக', 'புள்ளையோட அப்பா' என்பார்கள். ரேஷன் அட்டைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் மகன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஆயுள் குறையுமாம். அவர் மட்டும் அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம், 'ஏ புள்ள' என்றும் கூப்பிடலாம்.

பெயர் சின்ன விஷயமல்ல. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட இந்தியாவில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரையே சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றார்கள். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் இல்லாதவளுக்கு ஓட்டும் இல்லை.

இதை மனதில் வைத்து 'ரமணி வெர்சஸ் ரமணி'யைப் பாருங்கள். 1998இல் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கிய நகைச்சுவைத் தொடர். பப்லு பிருத்விராஜும் வாசுகியும் கணவன் மனைவி. இருவர் பெயரும் ரமணி. பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். கொலை இல்லை, சதி இல்லை. வீட்டுக்குள் நடக்கும் வீம்பும் ஊடலும்தான் கதை.

இந்த மனைவி தன் பெயரைச் சொன்னாலே கணவன் பெயரையும் சொன்னதாகிவிடுகிறது. யார் ஆயுளும் குறையவில்லை. 'வெர்சஸ்' என்பது வழக்குமன்றச் சொல். அங்கே அவள் திருமதி ரமணி அல்ல, எதிர்க்கட்சிக்காரி.

1999இல் 'சித்தி' தொடங்கியது. நெடுந்தொடர்கள் மாலைப் பொழுதைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் நாயகிகளும் உறுதியானவர்கள்தான். ஆனால் நல்லவளாக இருந்தே தீர வேண்டும். ரமணிக்கு அந்தக் கட்டாயமில்லை. அவள் பிடிவாதம் பிடிக்கலாம், தப்பாக வாதாடலாம், அதனால் கெட்டவளாகிவிட மாட்டாள். தமிழ்த் தொலைக்காட்சியில் பெண்களுக்கு எளிதில் கிடைக்காத சலுகை இது.

ஆனாலும் அது நகரத்து நடுத்தர வர்க்க வீடு. எதிர்த்துப் பேசினால் அடி விழாது என்ற நிச்சயம் இருப்பதால்தான் அந்தச் சண்டை சிரிப்பாகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நடவு முடித்து வீடு திரும்பும் மேலூர்ப் பெண் கணவனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுமுன் எத்தனையோ கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாமல் அவளும் சண்டை போட முடிகிற நாளில்தான் இரண்டு ரமணிகளின் கதை அவள் வீட்டுக் கதையாகவும் ஆகும்.